திருட்டைத் தடுக்கும் கேமரா: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

வீட்டிற்குக் கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் இணைப்பும் வந்துவிட்டால், அடுத்ததாகப் பலரும் விசாரிக்கும் சாதனம் கண்காணிப்புக் கேமரா. கடைக்காரர் நான்கு கேமராக்களை மாட்டி, மொபைல் போனில் வாசலைக் காட்டிவிட்டுப் போகிறார். நமக்கும் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே ஒரு திருட்டு நடந்த பின் பதிவைத் திறந்து பார்க்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. ஓர் உருவம் கேட்டைத் திறக்கிறது, வண்டியைத் தள்ளுகிறது, போய்விடுகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு மட்டுமே இருக்கிறது. வந்தவரின் வயது என்ன என்று கூடச் சொல்ல முடிவதில்லை.

கேமரா இருந்தும் இப்படி ஆவது ஏன்? சரியாக அமைப்பது எப்படி? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் புரிந்து கொள்ளும் வகையில் இங்கு பார்க்கலாம்.

கேமரா திருட்டைத் தடுக்குமா?

கேமரா யாரையும் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. "என் முகம் பதிவாகிவிடும், நாளை மாட்டிக் கொள்வேன்" என்ற எண்ணம்தான் திருட வருபவரை அடுத்த தெருவிற்கு அனுப்புகிறது. அந்த எண்ணம் வர இரண்டு நிபந்தனைகள் உண்டு. கேமரா இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். அதில் பதிவாவது உண்மையிலேயே பயன்படக் கூடியதாக இருக்க வேண்டும்.

எரிக் பிசா, பிராண்டன் வெல்ஷ், டேவிட் ஃபாரிங்டன், ஆமி தாமஸ் ஆகிய ஆய்வாளர்கள், பொது இடக் கேமராக்களைப் பற்றி 40 ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கேமரா உள்ள இடங்களில் குற்றங்கள் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தன. வாகனங்கள் நிறுத்தும் இடங்களில் பலன் மிக அதிகம். அடிதடி போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கேமராவை மட்டும் நம்பிய இடங்களைவிட, வெளிச்சம், காவல் போன்ற பிற ஏற்பாடுகளும் சேர்ந்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது.

இது பொது இடங்களைப் பற்றிய கணக்கு என்றாலும், நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பூட்டு, வாசல் விளக்கு, விழிப்பான அக்கம் பக்கத்தார் ஆகியவற்றோடு சேரும்போதுதான் கேமரா முழுப் பயன் தரும். உள்ளே ஒன்றும் இல்லாத பொம்மைக் கேமராக்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம். திருட்டு நடந்துவிட்டால் அவற்றிடமிருந்து உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. நிஜக் கேமரா இருப்பதாக நம்பிய பக்கத்து வீட்டாரும் ஏமாந்து போவார்கள்.

முதலில் ஒரு தாளும் பென்சிலும்

கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டின் வரைபடத்தைத் தாளில் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கேட், முன் கதவு, பின் கதவு, மொட்டை மாடிப் படி, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். வெளியாள் ஒருவர் உள்ளே வரக்கூடிய வழிகளுக்கு எல்லாம் அம்புக்குறி போடுங்கள்.

இப்போது ஒவ்வோர் அம்புக்குறிக்கும் பக்கத்தில், அங்கே உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். "யாரோ வந்தார்கள் என்று தெரிந்தால் போதும்", "தெரிந்த ஆளா என்று தெரிய வேண்டும்", "முன்பின் தெரியாதவர் என்றாலும் முகம் அடையாளம் தெரிய வேண்டும்", "வண்டியின் நம்பர் தெரிய வேண்டும்". இந்த நான்கும் வேறு வேறு வேலைகள். ஒரே கேமரா நான்கையும் செய்யும் என்று எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் ஏமாற்றத்திற்குக் காரணம்.

பிக்சல் கணக்கு

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படம் எல்லாம் பிக்சல் என்னும் சிறு புள்ளிகளால் ஆனது. 1080பி என்று விற்கப்படும் கேமராவின் படத்தில் இடமிருந்து வலமாக 1920 புள்ளிகள் இருக்கும். இந்தப் புள்ளிகளை எத்தனை மீட்டர் அகலக் காட்சிக்குப் பங்கிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தர விதி ஒன்று இதற்கு அளவுகளைத் தந்துள்ளது. காட்சியின் ஒரு மீட்டர் அகலத்திற்கு 25 புள்ளிகள் கிடைத்தால், ஆள் நடமாட்டம் இருப்பது தெரியும். சுமார் 62 புள்ளிகள் கிடைத்தால், உடை போன்ற விவரங்கள் தெரியும். 125 கிடைத்தால், ஏற்கெனவே தெரிந்த ஆளைக் கண்டுகொள்ளலாம். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 புள்ளிகள் வேண்டும்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கேமராக்களில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கும். இது மிக அகலமான காட்சியைத் தரும். 3 மீட்டர் தூரத்தில் சுமார் ஏழரை மீட்டர் அகலம் படத்தில் விழுகிறது. 1920ஐ ஏழரையால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு ஏறக்குறைய 250 புள்ளிகள். அதாவது, சாதாரண 1080பி கேமரா ஒரு புதிய முகத்தை அடையாளம் காட்டுவது சுமார் 3 மீட்டர், அதாவது 10 அடி வரைதான்! 6 மீட்டரில் தெரிந்தவரைக் கண்டுகொள்ளலாம். அதற்கும் அப்பால் வெறும் உருவங்களே.

"அப்படியானால் 4 மெகா பிக்சல் வாங்கிவிடலாமே?" என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் புள்ளிகளின் மொத்த எண்ணிக்கை இரு மடங்கு ஆனாலும், இடமிருந்து வலமாக 1920 என்பது 2560 ஆகத்தான் உயர்கிறது. எனவே 3 மீட்டர் 4 மீட்டர் ஆகும், அவ்வளவுதான். இதற்குப் பதிலாக அதே 1080பி கேமராவை 6 மில்லிமீட்டர் லென்ஸுடன் வாங்கினால், காட்சியின் அகலம் குறைந்து, முகம் தெரியும் தூரம் சுமார் ஏழரை மீட்டராக உயரும். பார்க்கும் பரப்பு சிறியது. ஆனால் பார்ப்பது தெளிவாக இருக்கும்.

ஆகவே கடையில் "எத்தனை மெகா பிக்சல்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர்?" என்றும் கேளுங்கள். கேட்டுக்கும் வண்டி நிறுத்தும் இடத்திற்கும் குறுகிய காட்சி தரும் கேமரா ஒன்று, மொத்த முற்றத்தையும் பார்க்க அகலக் காட்சி தரும் கேமரா ஒன்று என்று பிரித்துக் கொண்டால், இரண்டே கேமராக்கள் நான்கின் வேலையைச் செய்யும்.

உயரமும் வெளிச்சமும்

கைக்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும் என்று மாடி விளிம்பில் கேமராவை வைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் உச்சந்தலையும் தொப்பியும்தான் தெரியும். தரையிலிருந்து 8 முதல் 10 அடி உயரம் போதும். கதவுக்கு அருகில் உள்ள கேமராவை இன்னும் சற்றுக் கீழே வைத்தாலும் நல்லதே.

கேமராவுக்கு நேர் எதிரில் காலை அல்லது மாலை வெயில் விழுந்தால், வருபவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி உள்ள கேமராவில் இந்தக் குறை பெருமளவு சரியாகும். அந்த வசதியை அமைப்புகளில் தேடி இயக்க வேண்டும்.

இரவில் பெரும்பாலான கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படம் எடுக்கின்றன. கேமராவை சன்ஷேடுக்கோ சுவருக்கோ மிக அருகில் மாட்டினால், அந்த ஒளி சுவரில் பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் வெளுத்துவிடும். இந்த ஒளியைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வலை பின்னும். அந்த வலை காற்றில் ஆடும்போதெல்லாம் உங்கள் போனில் எச்சரிக்கை மணி அடிக்கும். ஒரு வாரத்தில் வெறுத்துப் போய் எச்சரிக்கையையே நிறுத்திவிடுவீர்கள். மாதம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைப்பது இதற்கு எளிய வைத்தியம்.

ஆள் வந்தால் தானே எரியும் வாசல் விளக்கு ஒன்றைக் கேமராவுக்கு அருகில் பொருத்துவது மிக நல்லது. படமும் வண்ணத்தில் தெளிவாக விழும்; வந்தவரும் தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று உணர்வார்.

எந்த வகை வாங்கலாம்?

வீடுகளுக்கு ஏற்றவை மூன்று வகை.

முதல் வகை, டி.வி.ஆர். பெட்டியுடன் கூடியது. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் வயர் வந்து பெட்டியில் சேரும். பதிவு பெட்டியில் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் நடக்கும். இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். விலை குறைவு.

இரண்டாவது வகை, ஐ.பி. கேமராக்களும் என்.வி.ஆர். பெட்டியும். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் பயன்படும் அதே கேபிள்தான் இதற்கும். பி.ஓ.இ. என்ற வசதி இருந்தால் மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். படத்தின் தரம் நன்றாக இருக்கும்.

மூன்றாவது வகை, வை-பை கேமரா. மின் இணைப்பு மட்டும் கொடுத்தால் போதும். பதிவு அதிலேயே உள்ள மெமரி கார்டில் விழும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் கேமராவைப் பிடுங்கிக் கொண்டு போனால் பதிவும் சேர்ந்து போய்விடும். இந்த வகையை வாங்கினால், வெளியே கை எட்டும் இடத்தில் வைக்காமல், வீட்டிற்குள்ளிருந்து வாசலைப் பார்க்கும்படி வைக்கலாம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைப்பதானால் அகச்சிவப்பு ஒளியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் கண்ணாடியில் அந்த ஒளியே பட்டுத் திரும்பும்.

எந்த வகையானாலும், பெட்டியின் மீது பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதற்கு முந்தைய பழைய சரக்கை மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பவர்களிடம் கவனமாக இருக்கவும்.

எத்தனை நாள் பதிவு இருக்கும்?

இதையும் நாமே கணக்கிடலாம். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகா பிட் வேகத்தில் பதிவு செய்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். பெருக்கி வகுத்தால் நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. வரும். நான்கு கேமராக்களுக்கு 86.4 ஜி.பி. அப்படியானால் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஏறக்குறைய 11 நாட்களில் நிரம்பிவிடும். அதன் பிறகு பழைய பதிவை அழித்துக் கொண்டே புதியது எழுதப்படும்.

இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்புகிறீர்கள். கிளம்பிய மறுநாளே திருட்டு நடந்திருந்தால், நீங்கள் வருவதற்குள் அந்தப் பதிவு அழிந்து போயிருக்கும்! எனவே நீங்கள் வழக்கமாக வெளியூரில் தங்கும் நாட்களைவிடக் கூடுதலான நாட்களுக்குப் பதிவு இருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். எச்.265 என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால், பழைய எச்.264 முறையைவிட ஏறக்குறைய பாதி இடம் போதும். ஆள் அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய் என்று அமைத்தாலும் இடம் மிச்சமாகும். ஆனால் கேட் கேமராவுக்கு மட்டும் இடைவிடாத பதிவே நல்லது. அசைவைக் கேமரா உணரும் முன்பே முக்கியமான இரண்டு விநாடிகள் போய்விடலாம்.

இரவு பகலாக எழுதும் வேலை என்பதால், கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போடாமல், கண்காணிப்புக்கென்றே தயாரிக்கப்படும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மெமரி கார்டிலும் "எண்டியூரன்ஸ்" என்று குறிப்பிட்ட வகை உண்டு.

கரண்ட் போனால்?

மீட்டர் பெட்டி வாசலில் இருக்கும் வீடுகளில் மெயினை அணைக்க ஒரு விநாடி போதும். கேமராக்கள், டி.வி.ஆர்., ரௌட்டர் ஆகிய மூன்றும் இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். இணைப்பில் இருக்க வேண்டும். ரௌட்டரை விட்டுவிட்டால் பதிவு நடக்கும்; ஆனால் உங்கள் போனுக்குச் செய்தி வராது. இவை அனைத்தும் சேர்ந்தும் ஒரு மின்விசிறி அளவு மின்சாரத்தைக்கூடப் பெரும்பாலும் எடுப்பதில்லை என்பதால், சிறிய யு.பி.எஸ். கூட நெடு நேரம் தாங்கும்.

டி.வி.ஆர். பெட்டியை ஹாலில் டி.வி.க்கு அடியில் வைக்காதீர்கள். உள்ளே வந்தவர் நகையுடன் அதையும் தூக்கிக் கொண்டு போவது உண்டு. காற்றோட்டமுள்ள பரண், பூட்டக்கூடிய மாடி அறை போன்ற இடங்களே சரி.

தேதியும் நேரமும்

இது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் பெரிய சிக்கலைத் தரும். புதிய பெட்டிகள் பலவற்றில் நேர மண்டலம் ஜி.எம்.டி. கூட்டல் 8 என்று இருக்கும். நம் நாட்டிற்கு அது கூட்டல் 5:30. மாற்றாமல் விட்டால், எல்லாப் பதிவுகளும் இரண்டரை மணி நேரம் முன்னதாக ஓடும். நள்ளிரவு 12 மணிக்கு நடந்த திருட்டு அதிகாலை 2:30 என்று பதிவாகும். பக்கத்து வீட்டுக் கேமராவில் வேறு நேரம் காட்டும். விசாரிக்கும் போலீசாருக்கு இரண்டையும் பொருத்திப் பார்ப்பது தலைவலி. அமைப்புகளில் சரியான நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, என்.டி.பி. என்ற இடத்தில் டிக் செய்துவிட்டால், இன்டர்நெட் மூலம் நேரம் தானே சரியாகிக் கொள்ளும்.

கம்ப்யூட்டரில் பார்க்கவும் பாதுகாக்கவும்

மொபைல் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் குறைகள் புலப்படும். உங்கள் கேமரா நிறுவனத்தின் இணையதளத்தில் கம்ப்யூட்டருக்கான புரோகிராம் கிடைக்கும். அதை இறக்கி நிறுவிக் கொள்ளுங்கள். பழைய டி.வி.ஆர்.கள் சில, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரில் மட்டுமே இயங்கும். அந்த பிரவுசருக்கான ஆதரவை 2022 ஜூன் மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. எட்ஜ் பிரவுசரில் அதற்கென ஒரு பழைய முறை இருந்தாலும், நிறுவனத்தின் புரோகிராமைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

பாதுகாப்பு என்றதும் ஒரு செய்தியை நினைவில் கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டில் "மிராய்" என்ற வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அது பெரிய தந்திரம் எதையும் செய்யவில்லை. தொழிற்சாலையில் கொடுக்கப்பட்ட, யாரும் மாற்றாமல் விட்ட சுமார் 60 யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடிபட்ட சாதனங்களைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. வீட்டைக் காக்க வாங்கிய கேமரா வேறு யாருக்கோ அடியாள் ஆனது!

எனவே பின்வருவனவற்றை முதல் நாளே செய்திடவும்.

1. தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றவும். 12 எழுத்துகளுக்குக் குறையாமல் வைக்கவும். மாட்ட வந்தவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டையும் மாற்றவும். அவர் நல்லவராகவே இருந்தாலும், அதே பாஸ்வேர்டைத்தான் அவர் ஊர் முழுவதும் வைத்திருப்பார்.

2. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு வசதி இருந்தால் இயக்கவும். புதிய போனில் யாராவது நுழைய முயன்றால் உங்களுக்கு ஓ.டி.பி. வரும்.

3. ரௌட்டரில் "போர்ட் ஃபார்வர்டிங்", "யு.பி.என்.பி." ஆகியவை தேவையில்லை என்றால் அணைக்கவும். இவை உங்கள் கேமராவின் கதவை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைப்பவை.

4. ரௌட்டரில் "கெஸ்ட்" நெட்வொர்க் வசதி இருந்தால், வை-பை கேமராவை அதில் இணைக்கவும். கேமராவில் யாரேனும் புகுந்தாலும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவது கடினமாகும்.

5. ஃபர்ம்வேர் அப்டேட் வந்துள்ளதா என்று அவ்வப்போது பார்க்கவும்.

6. படுக்கையறைக்குள் கேமரா வேண்டவே வேண்டாம்.

தெரு முழுவதற்கும் ஒரு திட்டம்

திருடுபவருக்கு உங்கள் வீடு ஒரு தனித்தீவு அல்ல. அவர் தெரு வழியாக வருகிறார், தெரு வழியாகவே போகிறார். சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் காவல் ஆணையராக இருந்த 2017 முதல் 2020 வரையிலான காலத்தில் "மூன்றாவது கண்" என்ற பெயரில், 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்குடன், குடியிருப்போர் சங்கங்களையும் வணிகர்களையும் சேர்த்துக் கொண்டு கேமராக்கள் மாட்டப்பட்டன. ஒருவரது நடமாட்டத்தைக் கேமராவுக்குக் கேமரா தொடர்ந்து பின்பற்ற முடிவதே இதன் பலம். இதே முறையைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம்.

12 வீடுகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக் கொள்வோம். இரண்டு முனைகள் மட்டுமே திறப்பு. ஹெல்மெட் போட்ட ஒருவர் பைக்கில் வந்தால் எந்த வீட்டுக் கேமராவிலும் முகம் விழாது. நம்பர் பிளேட்தான் ஒரே தடயம். எனவே இரு முனைகளிலும் குறுகிய லென்ஸுடன் ஒவ்வொரு கேமரா, நம்பர் பிளேட்டை மட்டும் குறி வைத்து மாட்டப்பட வேண்டும். இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டு நம்பர் பிளேட் வெறும் வெள்ளைத் தகடாகத் தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் எண்கள் தெரியும், மற்றவை இருட்டாகும். ஆகவேதான் இதற்கென்று தனிக் கேமரா. செலவை 12 பங்காக்கினால் ஒரு வீட்டிற்குப் பெரிய தொகை வராது.

இன்னொரு யோசனை. உங்கள் கேட்டை மிக நன்றாகப் பார்க்கக் கூடியது எதிர் வீட்டுக் கேமராதான். அவர் வீட்டு வாசலுக்கு உங்களுடையது. இருவரும் சம்மதித்து, ஒருவர் கேட்டை மற்றவர் கேமராவின் ஓரத்தில் விழும்படி திருப்பிக் கொண்டால், உங்கள் டி.வி.ஆர். திருடு போனாலும் எதிர் வீட்டில் பதிவு இருக்கும்.

பக்கத்து வீட்டாரின் நிம்மதி

சம்மதித்து என்று சொன்னது காரணத்தோடுதான். உங்கள் கேமரா பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னலையோ மொட்டை மாடியையோ பார்த்துக் கொண்டிருந்தால், திருடனை விரட்டும் முன் உறவை விரட்டிவிடும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். பெரும்பாலான கேமராக்களில் "பிரைவசி மாஸ்க்" என்ற வசதி உண்டு. படத்தில் தேவையில்லாத பகுதியின் மீது மவுஸால் ஒரு கட்டம் வரைந்தால், அந்த இடம் கறுப்பாகிவிடும், பதிவிலும் விழாது. அதைச் செய்து, பக்கத்து வீட்டாரை அழைத்துத் திரையில் காட்டிவிடுங்கள்.

பதிவில் தெரிந்த அறிமுகமில்லாத ஒருவரைத் "திருடன்" என்று எழுதி வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பவே கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அவர்கள் செய்த தவறு, அந்த ஊருக்குப் புதியவர்களாக இருந்தது மட்டுமே. நம் தெருவிற்கும் முகவரி தேடி வருபவர்கள், கூரியர் கொண்டு வருபவர்கள், வேலை கேட்டு வருபவர்கள் எல்லோரும் புதியவர்களே. சந்தேகம் இருந்தால் பதிவு போக வேண்டிய இடம் காவல் நிலையம் ஒன்றுதான்.

திருடு போய்விட்டால்

முதலில் 100 அல்லது 112க்கு போன் செய்திடவும். வீட்டிற்குள் எதையும் தொட வேண்டாம். அடுத்து, பதிவு அழியாமல் காப்பாற்ற வேண்டும். டி.வி.ஆரில் "பேக்கப்" பகுதிக்குச் சென்று, சம்பவத்திற்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் சேர்த்து பென் டிரைவில் நகலெடுக்கவும். நோட்டம் பார்க்க வந்தவர் அந்த முன் நேரத்தில் இருக்கலாம். முந்தைய சில நாட்களையும் பார்ப்பது நல்லது. எம்.பி.4 வடிவம் இருந்தால் அதையும், நிறுவனத்தின் சொந்த வடிவத்தையும் சேர்த்தே எடுக்கவும். திரையை மொபைலால் படம் பிடித்தது ஆதாரம் ஆகாது. அது அவசரத்திற்குக் காட்ட மட்டுமே.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, இத்தகைய பதிவின் நகலை நீதிமன்றத்தில் தர ஒரு சான்றிதழும் தேவை. அதில் கோப்பின் "ஹாஷ்" மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை போன்றது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் மதிப்பு மாறிவிடும். கம்ப்யூட்டரில் செவன் ஜிப் என்ற இலவச புரோகிராம் இருந்தால், கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து, மெனுவில் உள்ள ஹாஷ் பிரிவில் ஷா-256 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் நீண்ட எண்ணை எழுதி வைத்துக் கொள்ளவும். சான்றிதழை எப்படித் தருவது என்பதை விசாரணை அதிகாரி சொல்வார். டி.வி.ஆர். பெட்டியை மட்டும் ரீசெட் செய்யவோ, விற்கவோ வேண்டாம்.

ஊருக்குப் போகும் முன் காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று தகவல் கொடுத்தால், ரோந்து வருபவர்கள் கவனித்துக் கொள்வார்கள். கேமரா இருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

இன்று இரவே ஒரு சோதனை

உங்கள் வீட்டில் ஏற்கெனவே கேமரா இருந்தால், இன்று இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு நண்பர் ஒருவரைக் கேட் வழியாக நடந்து வரச் சொல்லுங்கள். நீங்கள் எங்கே வண்டி நிறுத்துவீர்களோ அங்கே அரை நிமிடம் நிற்கட்டும். நாளை காலை அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்து, அவரை அறியாத உறவினர் ஒருவரிடம் காட்டுங்கள். பிறகு அந்த நண்பரின் புகைப்படத்தையும் வேறு மூன்று பேரின் படங்களையும் தந்து, "வந்தவர் இதில் யார்?" என்று கேளுங்கள்.

சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் கேமரா வேலை செய்கிறது. சொல்ல முடியாவிட்டால் புதிய கேமரா வாங்க ஓட வேண்டாம். கண்ணாடியைத் துடையுங்கள், கோணத்தை மாற்றுங்கள், உயரத்தைக் குறையுங்கள், ஒரு விளக்கைச் சேருங்கள். மீண்டும் சோதியுங்கள். மாதம் ஒரு முறை இந்தச் சோதனையையும், பதிவு எத்தனை நாள் பின்னோக்கி இருக்கிறது என்பதையும் பார்க்கப் பத்து நிமிடம் போதும். சமையல் கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளையே இதற்கும் நாளாக வைத்துக் கொண்டால் மறக்காது.